ஆறு மாடும் ஒரு பழைய டிராக்டரும்

பழைய டிராக்டரைச் சரிசெய்கிற தொழிலில் வண்டியைப் பிரிப்பது சின்ன வேலை. பிரித்துப் போட்டதைப் பார்த்துக்கொண்டே சோறு தின்பதுதான் பெரிய வேலை. இதைப் படித்துவிட்டுச் சிரிக்காமல் தலையை மட்டும் ஆட்டுகிறவர்கள் இருந்தால், அவர்கள் வீட்டிலும் ஒரு மெக்கானிக் இருக்கிறார் என்று அர்த்தம். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஷெட் மைசூரில் ஹெப்பாள் தொழிற்பேட்டையைத் தாண்டி, ரிங் ரோட்டை ஒட்டி இருக்கிறது. சொந்த ஊர் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர் பக்கம். வீட்டுக்காரர் பழனிசாமி மெக்கானிக். நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கழற்றிய சாமான்களை டீசலில் கழுவுவேன், நட்டு போல்ட்டுகளை டப்பாக்களில் பிரித்து வைப்பேன், கத்தி தீட்டுவேன், வருகிறவர்களுக்குப் பதில் சொல்வேன். இது போகக் கவலைப்படுகிற வேலையும் என்னுடையதுதான். அவர் 'ஆகும்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு தொழில் நடத்துகிறவர். ஆகாவிட்டால் என்ன ஆகும் என்று யோசிக்க வீட்டில் ஒரு ஆள் வேண்டாமா?

கொட்டகையில் ஏழாவது உருப்படி

மழைக்காலம் முடிந்த சமயம், டி.நரசீபுரம் ரோட்டில் ஒரு கிராமத்திலிருந்து புட்டதாயம்மா என்று ஒருவர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். அறுபதைத் தாண்டியவர், கணவர் இல்லை. மாட்டுக் கொட்டகையில் ஆறு மாடுகள் வரிசையாக நின்றன. ஏழாவதாக, அதே வரிசையில், தலைக்கு மேல் சாக்குப் போர்த்தி ஒரு சிவப்பு டிராக்டர் நின்றது. சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்து அது எழுந்திருக்கக்கூட இல்லை. டிராக்டரின் பின்னால், கொட்டகைக்கு வெளியே, செடிகொடி மூடி, நீளமான ஒரு இரும்புப் பட்டை கிடந்தது. அதுதான் புல்வெட்டி. பட்டையின் மேல் முக்கோண முக்கோணமாகக் கத்திகள். டிராக்டரின் பின்பக்கம் சுழலும் தண்டிலிருந்து ஓட்டம் வாங்கி, கத்திகள் இடதும் வலதுமாக ஓடிப் புல்லை அடியோடு அறுத்துப் போடும். புட்டதாயம்மாவின் கணவர் ஒரு குதிரைப் பண்ணை ஏலத்தில் இரண்டையும் சேர்த்து எடுத்து வந்தாராம். அவர் போனபின் தொட்டவர் இல்லை.

புட்டதாயம்மா பேசுவது கன்னடம். எங்களோடு பேசும்போது சந்தையில் பழகிய தமிழும் கலந்து வரும். என்னைத் 'தங்கி' என்பார், தங்கச்சி என்று அர்த்தம். விஷயத்தை அவரே சொன்னார். புல் அறுக்க ஆள் கிடைப்பதில்லை. அவரே அறுத்து, தலைச்சுமையாகத் தூக்கி வந்தபோது வரப்பில் விழுந்துவிட்டார். அதற்குப் பிறகு மகன் மஞ்சு பிடிவாதமாகச் சொல்லிவிட்டான்: சங்கராந்தி முடிந்ததும் மாட்டு வியாபாரி வருவான், ஆறையும் கொடுத்துவிட்டு மைசூருக்கு வந்துவிட வேண்டும். அதற்குள் இந்த வண்டி புல் வெட்டிக் காட்டினால், மாடுகள் இருக்கலாம். அம்மாவும் மகனும் பேசிக்கொண்ட ஒப்பந்தம் அது.

வீட்டுக்காரர் வண்டியை ஒரு சுற்று வந்து, டயரை உதைத்து, கம்பி மாட்டி இன்ஜினை அசைத்துப் பார்த்து, "ஆகும்" என்றார். "ஏனுங்க, இன்ஜின் அசையவே மாட்டேங்குது, என்னத்த ஆகும்?" என்று காதோடு கேட்டேன். "கம்முனு இரு புள்ளே" என்றார். நான் புட்டதாயம்மாவிடம், "அக்கா, ஒருவேளை ஆகலன்னா மகன் வீட்லயும் நல்லாத்தானே இருக்கும்?" என்று மெதுவாக அவரைத் தயார்படுத்தப் பார்த்தேன்.

"எனக்கு ஒரு ரூம் ஒதுக்கி வச்சிருக்கான், தங்கி. ஃபேன்கூட புதுசாம். ஆறு மாட்டையும் எந்த ரூம்ல கட்டறதுன்னு நீயே அவனக் கேட்டுச் சொல்லு" என்றார் அவர்.

வெட்கப்பட்ட இன்ஜின்

வண்டியையும் புல்வெட்டியையும் லாரியில் ஏற்றி ஷெட்டுக்குக் கொண்டுவந்தோம். வருஷக்கணக்கில் நின்ற இன்ஜின் உள்ளே துருப்பிடித்து இறுகியிருந்தது. இந்த நிலையில் சுத்தியலை எடுக்கிறவன் மெக்கானிக் இல்லை என்பது வீட்டுக்காரர் கட்சி. டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர்களைக் கழற்றி, அந்த ஓட்டைகள் வழியாக டீசலும் விளக்கெண்ணெயும் கலந்து ஊற்றிவிட்டு, மற்ற வேலையைப் பார்க்கப் போய்விட்டார். ஊறட்டும் என்றார். ஊறுகிற பொருளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியுமா? காலையில் ஷெட்டைத் திறந்ததும், இன்ஜினைச் சுற்றுகிற கம்பியை மாட்டி ஒரு தரம் அசைத்துப் பார்ப்பேன். சாமான் கழுவும் நடுவில் ஒரு தரம். சாப்பிட்டு எழுந்து ஒரு தரம். தயிர் உறைந்ததா என்று நிமிஷத்துக்கு ஒரு முறை மூடியைத் திறக்கிற புதுப் பெண்டாட்டி மாதிரி இருந்தது என் நிலைமை.

பக்கத்து லேத் பட்டறை நாகராஜு இதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு திங்கட்கிழமை கம்பியைப் பிடித்து இழுத்தேன். மொத்த இன்ஜினும் 'கொளக்' என்று ஒரு விரற்கடை நகர்ந்தது. நான் போட்ட கத்தலில் லேத்தை நிறுத்திவிட்டு ஓடி வந்தான், என் விரல்தான் மாட்டிக்கொண்டது என்று நினைத்து. விஷயம் தெரிந்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னான்: "விளக்கெண்ணெய் ஒண்ணும் பண்ணல அக்கா. நீங்க எட்டி எட்டிப் பாத்ததுல அது வெக்கப்பட்டு நகந்துடுச்சு."

கம்பெனி பஸ்ஸில் வந்தவன்

மஞ்சுவுக்கு ஹெப்பாளில்தான் வேலை. கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, கம்பெனி பஸ்ஸை எங்கள் ஷெட்டுக்கு எதிரிலேயே நிறுத்தச் சொல்லி இறங்குவான். உள்ளே வந்து வண்டியைச் சுற்றிப் பார்ப்பான். எதையும் தொடமாட்டான். "ஆன்ட்டி, ஆகுமா ஆகாதா?" என்று கேட்பான். நான் அவன் முகத்தைப் பார்ப்பேன். எந்தப் பதில் வந்தால் அந்த முகம் மலரும் என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

எனக்கு அவன்மேல் கோபம்தான் இருந்தது. ஒரு சாயங்காலம் டீயைக் கையில் கொடுத்து, கேட்டே விட்டேன். ஏப்பா, பெத்தவ ஆசையா வளத்த மாட்ட விக்கச் சொல்றியே, மனசு வருதா? அவன் டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான். அம்மா வரப்பில் விழுந்த அன்று புல்லுக்கட்டு அவர் மேலேயே விழுந்து கிடந்ததாம். பக்கத்து வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச வந்தவர் பார்க்கிற வரைக்கும் யாருக்கும் தெரியாதாம். அந்த நேரம் இவன் ஏ.சி. அறையில் மீட்டிங்கில் இருந்தானாம், போனை அணைத்து வைத்துவிட்டு. இதைக் கேட்டதிலிருந்து எனக்குக் கவலை இரண்டாகிவிட்டது. வண்டி ஓடாவிட்டால் அம்மா பாவம். ஓடிவிட்டால் பிள்ளை பாவம். இந்தப் பக்கமும் பேச முடியவில்லை, அந்தப் பக்கமும் பேச முடியவில்லை.

போகும்போது வாசலில் திரும்பி நின்று அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "வண்டி ரெடி ஆகக்கூடாதுன்னு நான் வேண்டிக்கல, ஆன்ட்டி. ரெடி ஆகலன்னா நல்லாருக்கும்னு நெனைக்கறேன், அவ்வளவுதான்."

சாமி பேரில் வந்த கோளாறு

இன்ஜின் ஓட ஆரம்பித்தது. ஓடியது என்றால், ஒரு டீ குடிக்கிற நேரம் ஓடும். பிறகு மூச்சு வாங்கி, இருமி, நின்றுவிடும். கொஞ்ச நேரம் விட்டுக் கிளப்பினால் மறுபடியும் ஒரு டீ நேரம். டீசல் குழாய்களைப் பிரித்து ஊதினோம். ஃபில்டரை மாற்றினோம். பம்பைக் கழற்றிக் கொடுத்து, ஒன்றுமில்லை என்று திரும்ப வாங்கி மாட்டினோம். வீட்டுக்காரர் 'ஆகும்' என்று சொல்வதை நிறுத்தியிருந்தார். இத்தனை வருஷத்தில் நான் அதைக் கேட்டதில்லை. அதாவது, கேட்காமல் இருந்ததில்லை. கண் திருஷ்டிதான் என்று எலுமிச்சம்பழமும் மிளகாயும் வாங்கிவந்து முன்னால் கட்டினேன். மறுநாள் அரை டீ நேரம்தான் ஓடியது.

கோளாறு எங்கே இருந்தது தெரியுமா? புட்டதாயம்மா வாராவாரம் திங்கட்கிழமை பஸ் ஏறி வண்டியைப் பார்க்க வருவார். சோமவாரம் சிவனுக்கு உகந்த நாள். வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, விபூதியைத் தண்ணீரில் குழைத்து, வண்டியில் மூன்று பட்டை பூசுவார். பூச அவர் தேர்ந்தெடுத்த இடம் டீசல் டாங்கின் மூடி. அதுதான் நெற்றி மாதிரி உருண்டையாக, நடுவில், உயரத்தில் இருந்தது. அந்த மூடியில் காற்றுப் போக ஒரு குண்டூசி ஓட்டை உண்டு. டீசல் இறங்க இறங்க அந்த ஓட்டை வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும், இல்லாவிட்டால் டீசல் இன்ஜினுக்கு இறங்காது. விபூதி காய்ந்து கல்லாகி அதை அடைத்துவிட்டது. டீசல் ஊற்ற மூடியைத் திறந்தபோது 'புஸ்' என்று காற்றை உறிஞ்சியதே, அப்போதுதான் வீட்டுக்காரர் அப்படியே நின்றார். மூடியைத் தலைகீழாகத் திருப்பினார். ஊசியால் குத்தினார். வண்டி சாயங்காலம் வரை நிற்கவே இல்லை. நான்தான் டீசல் வீணாகிறதே என்று போய் அணைத்தேன்.

இதைப் புட்டதாயம்மாவிடம் எப்படிச் சொல்வது? பூசாதே என்று சொல்லவும் பயம், பூசு என்று சொல்லவும் பயம். அடுத்த திங்கட்கிழமை தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் கொஞ்சமும் கலங்கவில்லை. குழைத்த விபூதியோடு வண்டியைச் சுற்றி வந்து, ஒவ்வொரு இடமாக விரலால் காட்டி, "இங்க மூச்சு விடுதா? இங்க?" என்று கேட்டார். கடைசியில் மட்கார்டில் பூசிவிட்டு, வீட்டுக்காரரைப் பார்த்து, "மேஸ்திரி, நம்ம சிவன் எங்க வச்சாலும் ஏத்துக்குவான். உங்க வண்டிக்குத்தான் எடம் பாத்து வைக்கணும் போலிருக்கு" என்றார்.

தேங்காய்த் துருவி வரிசை

புல்வெட்டியின் கத்திகளைத் தீட்டுவது என் பங்கு. முக்கோணக் கத்தி ஒவ்வொன்றையும் சாணைச் சக்கரத்தில் பிடித்து, சூடேறாமல் தண்ணீரில் முக்கி முக்கித் தீட்ட வேண்டும். சூடேறி நீலம் பாய்ந்தால் கத்தி செத்தது. நீலம் பாய்ந்துவிடுமோ என்கிற பயத்தில் நான் தொட்டுத் தொட்டு எடுத்ததில் ஒவ்வொன்றும் பளபளவென்று வந்தது. பக்கத்து ஊதுவத்திக் கம்பெனிப் பெண்கள் சாப்பாட்டு வேளையில் வேடிக்கை பார்த்தார்கள். மறுநாள் ஒருத்தி அரிவாள்மனை கொண்டுவந்தாள். அதற்கு அடுத்த நாள் பார்த்தால் தேங்காய்த் துருவி, வெங்காயக் கத்தி, பாக்குவெட்டி, எல்லாம் ஷெட் வாசலில் வரிசை கட்டி இருந்தன.

வீட்டுக்காரர் அவற்றைத் தாண்டித் தாண்டி நடந்து, டிராக்டருக்கு அடியில் படுத்துக்கொண்டு, அங்கிருந்தே சொன்னார்: "டிராக்டர் எப்பப் போகுதோ தெரியல. ஆனா மைசூர்ல தேங்காத் துருவிக்கு நம்ம கடைய விட்டா ஆளில்லைன்னு ஆயிப்போச்சு."

மல்லிகைக் கொடி போட்ட கட்டை

சுழலும் சக்கரத்துக்கும் கத்திக்கும் நடுவில் ஒரு மரக்கட்டை இருக்கிறது. கை நீளம் இருக்கும். அதுதான் கத்தியை இடதும் வலதுமாகத் தள்ளி இழுப்பது. பழையது உளுத்துப் போயிருந்தது. மைசூரில் மரவேலை என்றால் ஈட்டிமரம்தான். அரண்மனைப் பக்கம் மரத்தில் சன்னமாகப் பூவேலை பதிக்கிற ரஹ்மத் பாயிடம் போனேன். "பாய், எந்தக் காலத்துக்கும் உடையக்கூடாது" என்று ஒன்றுக்கு நான்கு முறை சொன்னேன். அவர் நல்ல ஈட்டிமரத்தில் கடைந்து, கண்ணாடி போல் மெருகேற்றி, வெறுமனே கொடுக்க மனசு வராமல் நடுவில் ஒரு சின்ன மல்லிகைக் கொடியையும் பதித்துக் கொடுத்தார். அவ்வளவு அழகான சாமானை எங்கள் ஷெட் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஷெட்டுக்குப் பின்னால் இருந்த களையில் ஓட்டிப் பார்த்தோம். கத்தி நடுவில் ஒரு செங்கல் மாட்டியது. கட்டை உடையவில்லை. கத்தியைப் பிடித்திருந்த இரும்புத் தலைதான் இரண்டாகப் போயிற்று. அப்புறம்தான் வீட்டுக்காரர் சொல்கிறார், அது மரமாக இருப்பதே கல் மாட்டினால் முதலில் உடைந்து மற்றதைக் காப்பாற்றத்தானாம். இதை முன்னாலேயே சொல்லியிருந்தால் என்ன? கேட்டால், நீ கேட்கவில்லையே என்கிறார். சங்கராந்திக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நாகராஜு லேத்தில் புதுத் தலை கடைந்து கொடுத்தான். நான் கட்டையை எடுத்துக்கொண்டு மறுபடியும் பாயிடம் ஓடினேன். கோடாலிக் காம்புக்குப் போடுகிற சாதாரண மரத்தில், மெருகு வேண்டாம், கொடி வேண்டாம், கல் தட்டினால் உடைய வேண்டும் என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, என்னை நன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நாப்பது வருஷமா இந்த வேலை பண்றேன் தாயீ. உடையறதுக்குன்னு மரம் கேட்டு வந்த மொதல் ஆளு நீங்கதான்."

வயலில்

சங்கராந்திக்கு முந்தின நாள் வண்டியை லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் வயலில் இறக்கினோம். புல் இடுப்பு உயரத்துக்கு நின்றது. கொழுக்கட்டைப் புல், வெட்டி வெயிலில் காயவைத்தால் கோடை முழுக்க ஆறு மாட்டுக்கும் போதும். மஞ்சு லீவு போட்டு வந்திருந்தான். எல்லாம் இருந்தது, ஓட்ட ஆள் மட்டும் இல்லை. பேசிவைத்திருந்த டிரைவர், மறுநாள் சங்கராந்திச் சடங்குக்குத் தன் மாடுகள் நெருப்புத் தாண்ட வேண்டும், அவற்றைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வர்ணம் பூச வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டான். பண்டிகைக்கு முந்தின நாள் கன்னட நாட்டில் எந்த டிரைவர் வருவான்? எனக்கு இந்த யோசனை தோன்றாமல் போனதுதான் ஆச்சரியம். உலகத்தில் உள்ள மற்ற எல்லாவற்றையும் நினைத்துக் கவலைப்பட்டவள், இதை விட்டுவிட்டேன்.

வீட்டுக்காரர் புல்வெட்டிக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி நடந்து கவனிக்க வேண்டும். மஞ்சுவுக்குக் கார்தான் தெரியும். ஷெட்டுக்குள் வண்டிகளை முன்னும் பின்னும் நகர்த்தி நிறுத்துவது நான் என்பது வீட்டுக்காரருக்குத்தான் தெரியும். "ஏறு" என்றார். "மாமா, எனக்குச் சுவத்துலேருந்து சுவத்து வரைக்குந்தான் தெரியும்" என்றேன். "இங்க சுவரே இல்ல. ஏறு" என்றார். ஏறினேன். இருப்பதிலேயே மெதுவான கியரில் போட்டு, ஸ்டியரிங்கைக் கழுத்தைப் பிடிப்பது போல் பிடித்துக்கொண்டு விட்டேன். பின்னால் 'கடகடகட' என்று தையல் மெஷின் சத்தம். திரும்பிப் பார்க்கப் பயம். வயலின் கடைசிக்குப் போய்த் திருப்பும்போதுதான் பார்த்தேன். நான் வந்த வழியில் புல் அத்தனையும் பாய் விரித்த மாதிரி ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. வெட்டிய புல்லின் வாசனை வந்தது. வீட்டுக்காரர் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். "இதே வேகம்! உன் பயந்தான் இதுக்குச் சரியான கியரு!" என்று கத்தினார்.

இரண்டாவது சுற்று முடிந்ததும் புட்டதாயம்மா முன்னால் வந்து நின்று கையை நீட்டி மறித்தார். "இறங்கு தங்கி" என்றார். சேலையை வரிந்து செருகியிருந்தார். மஞ்சு பதறிப்போய், "அம்மா, வேண்டாம், விழுந்துடுவே" என்று ஓடி வந்தான். "தலையில புல்லுக்கட்டு வச்சு நடந்தாதான் விழுவேன். உக்காந்துட்டு எப்படிடா விழறது? இந்தப் பொண்ணு ஏழாங்கிளாஸ், இவளே ஓட்டறா" என்றார். எனக்குக் கோபப்படக்கூட நேரமில்லை. கிளட்ச், பிரேக், அணைக்கிற கம்பி என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுத்தேன். மஞ்சு இந்தப் பக்க மட்கார்டில் ஏறி, ஒரு கையால் அம்மாவின் தோளையும் ஒரு கையால் கம்பியையும் பிடித்துக்கொண்டான். முதலில் வண்டி ஒரு குதி குதித்தது. பிறகு நேராகப் போயிற்று. நான் பக்கத்திலேயே ஓடினேன், ஓடி என்ன செய்யப் போகிறேன் என்று தெரியாமல். பாதி வயலில் மஞ்சு அவன் கையை அம்மாவின் தோளிலிருந்து எடுத்ததைப் பார்த்தேன். அவன் சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டிருந்தது. எடுத்துக் காதில் வைத்தான். மாட்டு வியாபாரி, நாளை மறுநாள் எத்தனை மணிக்கு வண்டி கொண்டுவரட்டும் என்று கேட்கிறான்.

மஞ்சு அம்மாவைப் பார்த்தான். அவர் இவன் பக்கம் திரும்பவே இல்லை, கண் முழுக்கப் புல்மேல் இருந்தது. இன்ஜின் சத்தத்துக்கு மேல் அவன் போனில் கத்தினான்: "வராதீங்கண்ணா! மாடு கொடுக்கறதில்ல! அம்மா டிராக்டர் ஓட்டிட்டு இருக்காங்க, சொன்னாலும் எறங்க மாட்டேங்கறாங்க!"

ஒரு பழைய வண்டியை எழுப்பி நிறுத்தியதில் நான் கண்ட லாபம், வெட்டிப்போட்ட புல் காய்வதற்குள் மழை வந்துவிடுமோ என்று வானத்தைப் பார்க்க எனக்கு இப்போது இன்னொருவர் வயலும் கிடைத்திருப்பதுதான்.